ஒயர்கூடையில் நாமக்கல் முட்டை, பழைய மாருதியில் புது புஷ்

ஆண்டகளூர் கேட் தாண்டி ராசிபுரத்துக்குள் நுழையும்போது பிரேக்கில் கால் வைத்தால் இடது முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் இன்னொரு ‘டொக்’. வண்டி 2003 மாடல் மாருதி 800. வேகத்தடையில் இறங்கும்போது பரணில் இருந்து பாத்திரம் விழுவதுபோல் ஓசை. நாலுவழிச் சாலையில் எண்பதைத் தொட்டால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் யோசிக்க ஆரம்பித்துவிடும்.

சேலத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், “நாலு ஷாக்கும் போயிருச்சு” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாமக்கல் வந்தேன். லாரிக்கு பாடி கட்டும் ஊர் அது. ஸ்பிரிங் பட்டை அடிக்கும் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். லாரி வேலையோடு கார் வேலையும் பார்க்கும் ஒருவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். அடியில் மரக்கட்டை கொடுத்தார். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்முக்குக் கீழே கடப்பாரையைச் செருகி ஒரு நெம்பு. ஆர்ம் அரை விரற்கடை ஆடியது.

“ஏனுங்க சார், ஷாக்கு மேல பழியப் போட்டீங்க? புஷ்ஷப் பாருங்க, வெந்த கத்திரிக்கா மாதிரி இருக்குது.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இந்த வண்டியின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக்கும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரோடு பரவத் தொடங்கியது. 800-இல் அதில் ஒரு சிக்கனம் செய்திருக்கிறார்கள். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பார்தான், லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் போகாமலும் பிடித்துக்கொள்கிறது. பாரின் நுனி ஆர்முக்குள் நுழையும் இடத்தில் இரண்டு ரப்பர் புஷ். அவை தேய்ந்தால், பிரேக் பிடித்ததும் சக்கரம் பின்னால் நகரும். விட்டதும் முன்னால் வரும். என்னுடைய இரண்டு ‘டொக்’குக்கும் கணக்குச் சரியாகிவிட்டது.

பிறகு சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 9-இலும் 3-இலும் கை வைத்து ஆட்டினார்: டை ராடு எண்ட் தளர்ச்சி. 12-இலும் 6-இலும் ஆட்டினார்: இடது பால் ஜாயின்ட். இடது ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவு இருந்ததால் முன்பக்கம் இரண்டையும் மாற்றச் சொன்னார். பின்பக்க ஷாக்கில் கசிவே இல்லை. மூலையை அழுத்திவிட்டால் ஒரே எழும்பலில் வண்டி நின்றது. ஆக, நாலில் இரண்டு ஷாக் தப்பித்தது.

சாமான் வாங்குவதில் ஒரு தவறு செய்தேன். ஸ்ட்ரட்டும் ஆர்மும் பெயருள்ள தயாரிப்பாக வாங்கிவிட்டு, புஷ் சின்னதுதானே என்று பொட்டலத்தில் பெயரே இல்லாத ஒன்றை எடுத்தேன். அந்த ரப்பர் பத்தே நாளில் கீச்சுக் கீச்சென்று கத்தியது. கழற்றி எறிந்துவிட்டு நல்லதைப் போட்டபோது, மொத்தச் செலவில் மிகக் குறைந்த தொகை அதுதான் என்று தெரிந்தது. எல்லாம் சேர்த்தும் புது டயர் நாலு வாங்கும் காசு ஆகவில்லை.

வேலை அரைநாள். ஸ்ட்ரட்டின் உச்சி நட்டைத் தொடும் முன் ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் இறுக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சுருள் துள்ளி முகத்துக்கு வரும். வீட்டு வாசலில் இதை முயல நினைப்பவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் பட்டறைக்கு விட்டுவிடலாம். மற்றதெல்லாம் துருப்பிடித்த போல்ட்டோடு நடக்கும் மல்யுத்தம்தான்.

நான் கற்றுக்கொண்டது கடைசிக் கால்மணி நேரத்தில். ஆர்ம் போல்ட்டுகளை அவர் முழுதாக முறுக்கவில்லை. சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, மூலைகளை நாலு தடவை அழுத்திவிட்டு, அதன்பிறகு அடியில் படுத்தார். “வண்டி சக்கரத்துல நின்னதுக்கு அப்பறந்தானுங்க கடைசி இறுக்கு.” ஜாக்கியில் இருக்கும்போது ஆர்ம் கீழே தொங்கும். அப்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் அந்தக் கோணத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். புது புஷ் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு (டை ராடில் கை வைத்தால் இதைத் தவிர்க்க முடியாது) சோதனைக்குக் கிளம்பினேன். பிரெஞ்சுக்காரர்கள் சித்ரோயன் 2சிவி காரை வடிவமைத்தபோது, கூடை முட்டையோடு உழுத வயலைக் கடக்க வேண்டும், ஒன்றுகூட உடையக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். 1948-இல் அந்தக் கார் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. நாமக்கல்லில் இருந்துகொண்டு இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதா? வேலைக்கு முன்பே ஒரு அட்டை, 30 முட்டை, பின்சீட்டில் வைத்துச் சேந்தமங்கலம்வரை போய் வந்திருந்தேன். ஒன்றுகூட உடையவில்லை. இந்த ஊர் முட்டை லாரியில், பட்டை ஸ்பிரிங் மேல் கேரளாவரை போகிறது. காப்பது அட்டைதான், ஸ்பிரிங் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே இரண்டாம் முறை அட்டையை விட்டுவிட்டு ஒயர்கூடையில் போட்டேன். ஒன்று விரிசல் விட்டது. அதுவும் சாலையால் அல்ல, நாய் குறுக்கே வந்ததால். வீட்டில் ஏச்சு தனி.

உண்மையான தேர்வு காரவள்ளிக்கு மேலே, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில். முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பியபின் வண்டி ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பும். இப்போது திருப்பியதும் மூக்கு போகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் சத்தமில்லை. ஆனால் 12 அங்குலச் சக்கரம் 12 அங்குலச் சக்கரம்தான். குழியில் விழுந்தால் இடுப்புக்குத் தெரிகிறது. அதைக் குறைக்கிறோம் என்று ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகி விற்கிறார்கள். அது சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் மிச்சச் சுற்றுகளின் மேல் சுமையை ஏற்றும். வேண்டாம்.

1983 டிசம்பரில் வந்த முதல் 800-களில் பின்னால் இருந்தது லாரியைப் போல ஸ்பிரிங் பட்டை. பிறகு வந்த மாடல்தான் சுருளுக்கு மாறியது. என் வண்டியின் அந்தப் பின்பகுதியில் இன்னும் ஒரு மெல்லிய முனகல் இருக்கிறது. அச்சை இடவலமாக நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியின் புஷ் என்கிறார் மெக்கானிக். ஆடி 18-க்கு வல்வில் ஓரி விழா பார்க்க மறுபடி மலையேறும் முன் அதையும் போட்டுவிட வேண்டும்.