தீவனத்தில் புரோபயாடிக்: எங்கே பலன், எங்கே வீண்?

ஆந்திரத்தின் கொல்லேறு வட்டாரக் கெண்டைக் குளங்களில் தவிடும் புண்ணாக்கும் கலந்த தூளைத் துளையிட்ட பைகளில் நிரப்பிக் கம்புகளில் கட்டிவிடுகிறார்கள். ரோகுவும் கட்லாவும் துளைகளில் வாய் வைத்துத் தின்கின்றன. இந்தத் தூளோடு புரோபயாடிக், அதாவது நன்மை செய்யும் நுண்ணுயிர், கலப்பதும் உண்டு. அந்தச் செலவு தகுமா?

கொள்கையளவில் வாதம் வலுவானது. புரோபயாடிக்காகக் கலக்கும் பேசில்லஸ் பாக்டீரியாக்கள் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. குடலில் இடத்துக்கும் இரைக்கும் போட்டியிட்டு ஏரோமோனாஸ் போன்ற நோய்க்கிருமிகளை நெருக்குகின்றன. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடைசெய்த பின், புரோபயாடிக்குகளின் மீதான ஆர்வம் பெருகியது. கெண்டைகளுக்கு இரைப்பையே கிடையாது. ஆகவே, விழுங்கிய நுண்ணுயிர் அமிலத்தில் சாகும் அச்சம் திலேப்பியாவைவிட இவற்றுக்குக் குறைவு.

சிக்கல் குடலுக்குப் போகும் வழியில்தான். மிதவைத் தீவனம் தயாரிக்கும் இயந்திரத்தில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். லேக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியா அதில் பிழைக்காது. பேசில்லஸ் வித்துகளுக்குத் தாங்கும் திறன் அதிகம். மற்றவற்றைத் தீவனம் ஆறிய பிறகு எண்ணெயுடன் பூச வேண்டும். பையிலிட்ட தூளிலோ, கலந்ததில் ஒரு பகுதி மீனின் வாய்க்குப் போகுமுன் தண்ணீரில் கரைந்துவிடும்.

குடலுக்குச் சென்ற நுண்ணுயிரும் நிலைப்பதில்லை. தீவனத்தில் சேர்ப்பதை நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களில் குடலிலிருந்து மறைந்துவிடும். அதாவது, வளர்ப்புக் காலம் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வுகள் காட்டும் நல்ல முடிவுகளில் பெரும்பாலானவை சிறு தொட்டிகளில், இரண்டொரு மாதங்களில் கிடைத்தவை. ஏக்கர்க் கணக்கான குளத்தில் இருப்படர்த்தி, ஆக்சிஜன், அடிச்சேறு எல்லாம் சேர்ந்தே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன.

தரக் கட்டுப்பாடு இன்னொரு பலவீனம். பீடியோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு ஐரோப்பா அனுமதி தந்தபோது, திரிபு எண் குறித்து, எந்த மீனுக்கு என்றும் வரையறுத்தது. இந்தியாவில் இத்தகைய இடுபொருட்களைக் கண்காணிக்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் அதிகாரம் உள்நாட்டு நன்னீர்க் குளங்களுக்கு எட்டாது. ஒரே இனத்தின் இரு திரிபுகள்கூட ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. சிலவற்றில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவும் இருக்கலாம். பேரினப் பெயர் மட்டும் அச்சிட்ட பொட்டலம் இதில் எதையும் சொல்லாது.

ஆகவே, குறுகிய காலமே ஆகும் குஞ்சு வளர்ப்புக் குளத்தில், திரிபும் உயிர் எண்ணிக்கையும் தெளிவாக அச்சிட்ட பேசில்லஸைக் குருணைத் தீவனத்தில் எண்ணெயோடு பூசிக் கொடுப்பது நியாயமான முதலீடு. பெரிய மீன்களுக்குப் பைத் தூளில் மாதக்கணக்கில் கலப்பது அப்படியல்ல. அந்தப் பணத்தை ஏரேட்டருக்கும் குளத்துச் சேற்றை அகற்றவும் செலவிடுவதே மேல்.