பார் பறப்பது 16 சென்டிமீட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் விடியற்காலையில் போனால் சிமென்ட் லாரி ஒன்று குடோன் வாசலில் பின்வாங்கி நிற்பதைப் பார்க்கலாம். லாரிக்கும் குடோன் திண்ணைக்கும் நடுவே ஒரு மரப்பலகை. மேலே நிற்கும் இருவர் மூட்டையைத் தூக்கிச் சாய்க்க, லோடுமேன் முதுகைக் கொடுத்து வாங்கிக்கொண்டு பலகையில் இறங்குவார். நான் பார்ப்பது மூட்டையை அல்ல, பலகையை. பாரம் ஏறியதும் அது வளைகிறது, உடனே நிமிர்கிறது. பழகிய ஆள் அது நிமிரும் நேரம் பார்த்து அடுத்த அடியை எடுக்கிறார். பலகை அவரைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. புதுப் பையன் தன் இஷ்டத்துக்கு நடக்கிறான். பலகை ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். பத்தாவது மூட்டையில் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும்.

இந்தப் பலகை ஆட்டத்தை 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஒருவர் எஃகுக் கம்பியில் செய்துகாட்டினார். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம். பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவு. தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்சில் 149, தோளில் நிறுத்திப் பிறகு தலைக்கு மேல் ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ, தங்கம். ஆண்களுக்கான பார் 20 கிலோ எடை, 2.2 மீட்டர் நீளம். 179 கிலோ ஏற்றினால் ஒவ்வொரு முனையிலும் எழுபத்தொன்பதரை கிலோ தொங்கும். தோளில் பாரை வைத்தபடி முழங்காலை லேசாக மடக்கி நிறுத்தும்போது முனைகள் இரண்டும் கீழே வளைகின்றன. அவை மேலே திரும்பும் அந்தத் தருணத்தில் காலை உதைத்தால் கம்பியும் சேர்ந்து தள்ளும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அதே கம்பி எதிரியாகிவிடும்.

தொலைக்காட்சியில் பளுதூக்குதல் பார்க்கிற பலரும் வீரர் பாரைத் தலைக்கு மேல் இழுத்துவிடுகிறார் என்றே நினைக்கிறார்கள். அந்த எடையை அப்படி இழுக்க எவராலும் முடியாது. ஸ்னாட்சில் தேர்ந்த வீரர் பாருக்குக் கொடுக்கும் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.6 முதல் 2 மீட்டர்வரைதான். 1.8 என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால், அதன்பின் பார் தானாக மேலே போகும் உயரம் கிடைக்கும். பிளஸ் டூ பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம்: பதினாறு சென்டிமீட்டர், சொச்சம். ஒரு சாண்கூட இல்லை. அதற்கு ஆகும் நேரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

பார் வயிற்றுக்கு மேலே வந்ததும் அதன் பயணம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மீதித் தூரத்தைக் கடப்பவர் வீரர், அதுவும் கீழ்நோக்கி. சும்மா விழுந்தால் நேரம் போதாது. பாதம் தரையைவிட்டு எழும்பியிருக்கும் அந்தக் கணத்திலும் கை பாரை விடுவதில்லை. பாரை மேலே இழுக்க, பார் அவரைக் கீழே இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்கள் நாம். அதைப் பிடித்துக்கொண்டு பாருக்கு அடியில் புகுகிறார்கள் இவர்கள். 77 கிலோ ஆள் 149 கிலோவை இழுத்தால் யார் அதிகம் நகர்வார்? எடை குறைந்தவர்தான்.

இனி முதுகுக்கு வருவோம். இங்கேதான் மேடையும் குடோனும் ஒன்றாகின்றன. 50 கிலோ மூட்டையைக் குனிந்து எடுக்கிறீர்கள். மூட்டையின் மையம் இடுப்பெலும்புக் கணுவிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைச் சமன்செய்ய வேண்டிய முதுகுத் தசைக்குக் கிடைத்திருக்கும் நெம்புகோல் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். ஆறு மடங்கு. ஆக, அந்தத் தசை 300 கிலோவுக்கு ஈடாக இழுத்தாக வேண்டும். மூட்டை 45 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 450. உங்கள் உடம்பின் மேல்பாதி எடையை இதில் நான் சேர்க்கவே இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், கீழ்முதுகுத் தட்டில் விழும் அழுத்தம் 3,400 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது. அது சுமார் 350 கிலோவுக்குச் சமம். 15 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

பயிற்சியாளர்கள் "பார் காலை உரசட்டும்" என்று கத்துவது இதனால்தான். வீரர்களின் கெண்டைக்கால் முன்பக்கம் உரசல் காயம் இருக்கும். மூட்டையைத் தரையிலிருந்து எடுக்காமல் மேலிருந்து முதுகில் வாங்குவதும், தலையில் சும்மாடு கட்டி ஏற்றுவதும் அதே கணக்குதான். முதுகெலும்புக்கு நேர்மேலே பாரம் வந்துவிட்டால் நெம்புகோல் ஏறக்குறைய பூஜ்யம். 149 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்துகிறவரும் தேடுவது அந்தப் பூஜ்யத்தைத்தான்.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் நம் லோடுமேன்களைக் கூட்டிப்போய்ப் பாரைக் கொடுத்தால் பதக்கம் வரும்' என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு லாரியில் பத்து டன் என்றால் 200 மூட்டை. நான்கு பேர் இறக்கினால் தலைக்கு இரண்டரை டன். பளுதூக்கும் வீரருக்குப் போட்டியில் மொத்தமே ஆறு முயற்சிகள். அவற்றைக் கூட்டினால் சதீஷின் அளவுக்கு ஒரு டன்னைத் தொடாது. ஆனால் திறன் என்பது எத்தனை வேலை என்பதோடு முடிவதில்லை, எத்தனை நேரத்தில் என்பதும் உண்டு. லோடுமேன் உடம்பு நாள் முழுக்கக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கப் பழகியது. வீரரின் உடம்போ இருப்பதை எல்லாம் அரை நொடிக்குள் கொட்டப் பழகியது. முப்பது வயதில் தோளும் கணுக்காலும் இறுகிய ஒருவரை ஆழமாக உட்காரச் சொல்வது நியாயமுமில்லை. வேண்டுமானால் அவர் வீட்டுப் பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் வெறும் கோலோடு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சதீஷின் அப்பாவும் பளுதூக்கியவர்தான். வீட்டில் பார்த்து வளர்வதற்கு ஈடு கிடையாது.

2018 கோல்ட் கோஸ்ட் போட்டியையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னாட்சில் சதீஷ் 144, இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145. ஒரு கிலோ பின்தங்கல். அடுத்த பாதியில் சதீஷ் 173 தூக்கினார், ஆலிவர் 167-ல் நின்றுவிட்டார். 317-க்கு 312. கிளாஸ்கோவைவிட 11 கிலோ குறைவாகத் தூக்கி இரண்டாவது தங்கம். உச்ச பலத்தோடு வந்த நாள் அல்ல அது. கணக்குச் சரியாக விழுந்த நாள்.

கடைசியாக ஒன்று, காலணி. பளுதூக்கும் ஷூவின் அடி அழுந்தாது, குதிகால் சற்று உயர்ந்திருக்கும். 77-உம் 149-உம் சேர்ந்து 226 கிலோ. பாரை முடுக்கும்போது தரைமேல் விழுவது அதற்கும் மேல். தரை அதே அளவு திருப்பித் தள்ளினால்தான் பார் எழும். பஞ்சு போன்ற ஓட்ட ஷூ அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், பாதமும் தள்ளாடும்.

குடோன் வாசலில் லாரியின் பின்சக்கரத்தை ஒட்டி நாலைந்து ஜோடி ரப்பர் செருப்புகள் கிடக்கும். முதல் மூட்டைக்கு முன்பே கழற்றி விட்டவை. பலகையில் எல்லோரும் வெறுங்காலில்தான் ஏறுகிறார்கள்.