வரி முறியும் இடம்

கிண்டிலா கோபோவா என்று நண்பர்கள் விவாதிக்கும்போது பேட்டரி எத்தனை வாரம் தாங்கும், வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா, தண்ணீரில் விழுந்தால் பிழைக்குமா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இவை கைக்கடிகாரம் வாங்குகிறவனின் கேள்விகள். தமிழ்க் கவிதை வாசிக்கிறவன் முதலில் கேட்க வேண்டியது வேறு: இதில் வரி எங்கே முறிகிறது?

ஓலைச்சுவடியில் செய்யுளை அடி பிரிக்காமல் ஓட்டமாகவே எழுதினார்கள். பதிப்பித்தவர்கள் யாப்பை வைத்து அடி பிரித்தார்கள். வெண்பாவை எங்கே மடித்துப் போட்டாலும் தளை காட்டிக்கொடுத்துவிடும். செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து'விலும், அதன் வழியே 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பிலும் நிலைபெற்ற கவிதைக்கு இந்தக் காப்பு இல்லை. அதற்கு மிஞ்சிய உருவச் சாதனம் வரி. படிமம் இல்லையா என்பார்கள். படிமம் மொழிபெயர்ப்பில்கூடப் பிழைத்துக்கொள்ளும்; வரி பிழைக்காது.

ஆறு அங்குலத் திரையில், கண்ணுக்குச் சுகமான அளவில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள் கொள்ளும். விகுதியும் வேற்றுமையும் ஒட்டி நீண்ட சொல் என்றால் இரண்டு. மீதிச் சொல் கீழே விழுந்து, இடது ஓரத்திலிருந்து, தானும் ஒரு வரி என்று நிற்கிறது. எது கவிஞன் முறித்தது, எது கருவி முறித்தது என்பதற்கு அடையாளமே இல்லை.

இது ஊகம் அல்ல. காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரும் காலை ரயிலில் நண்பர் ஒருவரின் தொகுப்பை இப்படித்தான் வாசித்தேன். மேல்பட்டி தாண்டும்போது ஒற்றைச் சொல்லாக நின்ற ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தனிமையைப் பற்றி ஒரு பத்தி, சற்றுப் பெருமிதத்துடனேயே, எழுதி அவருக்கு அனுப்பினேன். அப்படி ஒரு வரி தன் புத்தகத்தில் இல்லை என்று பதில் வந்தது. கருவி எதுவானாலும் இதுவே நடந்திருக்கும். நான் விமர்சித்தது எழுத்தின் அளவை.

பி.டி.எஃப். இந்தப் பிழையைச் செய்யாது. 2013இல் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' குழுவினர் ஈபப் வடிவத்தோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே பி.டி.எஃப். செய்து கொடுத்தது நல்ல காரியம். அந்நாளையக் கருவிகள் பலவற்றில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். புள்ளி எங்கோ மிதக்கும். பி.டி.எஃப்.பில் எழுத்துருவும் வரியும் உள்ளேயே பூட்டியிருக்கின்றன. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த 'லை'யோடு வருடப்பட்டிருக்கும் பழைய இதழ்களோ இந்தத் திரையில் எறும்பு வரிசைதான். அவற்றுக்குப் பத்து அங்குலமாவது வேண்டும்.

அமேசான் 2016 இறுதியில் தமிழ் நூல்களைக் கிண்டிலில் ஏற்றுக்கொண்டது. அதனால் பல எழுத்தாளர்கள் பதிப்பாளரின் தயவின்றி வெளிவந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2009 ஜூலையில் உரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே ஆர்வெல்லின் '1984'ஐ அழித்ததும் அதே நிறுவனம். வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஈபப் கோப்பை 2022 முதல் ஏற்கிறது. அதுவும் தன் சர்வருக்கு அனுப்பி மாற்றிய பிறகே. கோபோ ஈபப்பைக் கேபிளில் நேராக வாங்கிக்கொள்கிறது. நாம் விரும்பும் தமிழ் எழுத்துருவையும் ஏற்றலாம். அதன் கடையிலும் பூட்டுப் போட்ட நூல்கள் உண்டு. ஆயினும் கைக்குக் கை மாறியே வாழ்ந்த சிற்றிதழ் மரபுக்கு இதுவே பொருந்தும் என்பேன்.

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் நண்பர் ஒருவர் பளபளப்பான மேல்பக்கத்தைப் பார்த்து எதுவும் சொல்லமாட்டார். மடித்துப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார். கடையில் நமக்குக் காட்டப்படுவது ஆங்கில நாவலின் உரைநடைப் பக்கம். கவிதையைப் போட்டு, எழுத்தை மூன்று படி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

அப்போது குற்றம் பெரும்பாலும் கருவியில் இல்லை, கோப்பில் இருப்பது தெரியும். ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக அமைத்து, மிஞ்சி விழும் பகுதி உள்தள்ளி நிற்கும்படி செய்ய ஈபப்பில் வழி இருக்கிறது. அச்சுக்கோப்பவர்கள் ஒடுங்கிய பக்கத்தில் செய்துவந்ததுதான் இது. நம் கவிதைக் கோப்புகளைச் செய்கிறவர்களில் பலர் வரிக்கு வரி 'என்டர்' தட்டிவிட்டுப் போகிறார்கள். கவிஞர்கள் அட்டைப்படத்துக்கு மூன்று முறை திருத்தம் சொல்கிறார்கள். கோப்பை ஒருமுறை திறந்து பார்ப்பதில்லை.

நண்பரின் தொகுப்பை இப்போது அச்சில் வரவழைத்திருக்கிறேன். அந்த வரி ஆறு சொற்களோடு ஒரே மூச்சில் ஓடுகிறது. எனக்கு இன்னும் கடைசிச் சொல்லுக்கு முன் நின்றுதான் வாசிக்க வருகிறது.