அரை மில்லிமீட்டர் மேடு

செவர்லே சில்வராடோ பிக்கப்பின் 5.3 லிட்டர் வி8 என்ஜினில், கேம் ஷாஃப்டின் மேடு டேப்பட்டைத் தூக்கும் உயரம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். ராக்கர் ஆர்ம் அதை 1.7 மடங்காக்கிக் கொடுக்க, வால்வு சுமார் 12 மில்லிமீட்டர் திறக்கிறது. இந்த கேமைக் கழற்றிவிட்டு, வால்வை அரை அங்குலம் திறக்கும் பெர்ஃபார்மன்ஸ் கேம் ஒன்றைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேட்டின் உயரத்தில் இருக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர். தடவிப் பார்த்தாலும் பிடிபடாது. அளந்தால்தான் தெரியும். அந்த அரை மில்லிமீட்டரும் மேட்டின் இரு சரிவுகளும் சேர்ந்து வண்டியின் சுபாவத்தையே மாற்றிவிடும். கேம் தேர்வு எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு இந்த நுணுக்கம்தான் காரணம்.

1999 மாடல் சில்வராடோவோடு வந்த இந்த என்ஜின் அமெரிக்காவில் இன்றைக்கும் எத்தனையோ வீட்டு வாசல்களில் நிற்கிறது. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பிளாக்கின் நடுவே ஒரே ஒரு கேம். பதினாறு வால்வுக்கும் பதினாறு மேடுகள். காலையில் வேலைக்குப் போக, மளிகை வாங்கிவர, சனிக்கிழமை படகை டிரெய்லரில் வைத்து ஏரிக்கு இழுத்துப் போக, எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். நாலு கியர் ஆட்டோமேட்டிக், பின் ஆக்சில் விகிதம் 3.73 என்றால், ஹைவேயில் மணிக்கு 65 மைலில் என்ஜின் சுற்றுவது ஏறத்தாழ 1,900 ஆர்பிஎம். கேம் வாங்க உட்காருகிறவர் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது. வண்டியின் ஆயுசில் பெரும்பகுதி இதன் அக்கம்பக்கத்தில்தான் கழிகிறது. 6,000 ஆர்பிஎம்மில் எத்தனை குதிரைசக்தி என்று கேட்டலாக் கொட்டை எழுத்தில் போடுவது இந்த வண்டிக்கு இரண்டாம்பட்சம்.

கேமோடு வரும் அட்டையில் சில எண்கள் இருக்கும். முதலாவது டியூரேஷன். டேப்பட் 0.050 அங்குலம் எழும்பிய இடத்திலிருந்து மறுபடி அதே உயரத்துக்கு இறங்கும்வரை கிராங்க் எத்தனை டிகிரி சுற்றுகிறது என்ற கணக்கு அது. கம்பெனி கேமில் இன்லெட்டுக்கு 190, எக்ஸாஸ்டுக்கு 191. இன்லெட் மேட்டின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் மேட்டின் உச்சிக்கும் நடுவே 114 டிகிரி. மிதமான டிரக் கேம் ஒன்று 212, 218, 112 என்று இருக்கும். ரேஸ் பக்கம் சாய்ந்தது 230, 236, 112. இரண்டு டியூரேஷனையும் கூட்டி நாலால் வகுத்து, உச்சி இடைவெளியைக் கழித்து, வந்ததை இரட்டிப்பாக்கினால் ஓவர்லாப் கிடைக்கும். இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அளவு அது. கம்பெனி கேமுக்கு மைனஸ் 37.5, மிதமானதற்கு மைனஸ் 9, பெரியதற்கு பிளஸ் 9.

அந்த பிளஸ் 9-தான் சிக்னலில் நிற்கும்போது கேட்கும் தடதடப்பு. ஐடிலில் இன்லெட் மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்கிறது. இரண்டு வால்வும் திறந்திருந்தால் எக்ஸாஸ்டில் இருக்கும் எரிந்த புகை அந்தப் பக்கம் இழுபட்டுப் புதிய காற்றோடு கலந்துவிடும். ஒரு சுற்று நன்றாக எரியும், அடுத்தது அரைகுறையாக எரியும். போருக்குப் பிந்தைய கலிபோர்னியாவில் எட் இஸ்கண்டேரியன் போன்றவர்கள் ஹாட் ராடுகளுக்கு கேம் கிரைண்ட் செய்து கொடுத்த காலத்திலிருந்தே இந்தச் சத்தத்துக்கு மயங்காதவர் குறைவு. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதே வேக்குவத்தை நம்பித்தான் பிரேக் பூஸ்டர் இருக்கிறது. டென்வர் மாதிரி உயரமான ஊரில் வேக்குவம் ஏற்கெனவே குறைவு. அங்கே பெரிய கேம் போட்டால் பிரேக் பெடல் காலடியில் கல்லாகிவிடும்.

உண்மையான நயம் இன்லெட் வால்வு மூடும் இடத்தில் இருக்கிறது. பிஸ்டன் அடிமட்டம் தொட்டு மேலே கிளம்பிய பிறகும் வால்வு திறந்தே இருக்கும். இன்லெட் மேட்டின் உச்சியை 108 டிகிரியில் நிறுத்தினால், 212 டிகிரி கேமில் அது அடிமட்டம் தாண்டி 34-ல் மூடும். 230 டிகிரி கேமில் 43-ல். 5,500 ஆர்பிஎம்மில் காற்று ஓடிவந்த வேகத்தில், பிஸ்டன் எதிரே வந்தாலும் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். தாமதமாக மூடுவது அங்கே லாபம். 1,900-ல் காற்றுக்கு அந்த உந்துதல் இல்லை. உள்ளே வந்ததில் ஒரு பங்கைப் பிஸ்டன் திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளிவிடும். ஏற்றமான சாலையில் டிரெய்லரோடு ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தும் இழுவை வராமல் கியர் இறங்கிக்கொண்டே இருப்பது இதனால்தான். வித்தியாசம் ஒன்பதே டிகிரி.

டியூரேஷன் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு கேம்கள் ஒன்றல்ல. 0.050 அங்குலத்துக்கு முன்னும் பின்னும் மேட்டின் சரிவு எப்படி வளைகிறது என்பதில் வடிவமைத்தவரின் கை தெரியும். நல்ல கேம்களில் ஏறும் சரிவும் இறங்கும் சரிவும் பல சமயம் ஒரே மாதிரி இருக்காது. வால்வை விறுவிறுவென்று தூக்கலாம். இறக்கும்போது கடைசி நூலளவில் நிதானித்து, சீட்டில் மோதாமல் உட்காரவைக்க வேண்டும். சரிவு செங்குத்தானால் பவர் வரும், கூடவே தையல் மெஷின் போல டிக்டிக் என்ற சத்தமும் வரும். ஸ்பிரிங் சீக்கிரம் தளரும். தினம் ஓட்டும் வண்டிக்கு மிதமான சரிவுள்ள கேமைத்தான் நான் எடுப்பேன், ஐந்தாறு குதிரைசக்தி குறைந்தாலும் சரி.

இந்த என்ஜினில் கேம் மாற்றும் விதமே ஒரு அழகு. ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ரேடியேட்டர், கிராங்க் புல்லி, டைமிங் கவர், செயின் எல்லாம் விலகும். ராக்கர்களையும் புஷ் ராடுகளையும் எடுத்த பிறகு கேமைக் கையால் சில சுற்று சுற்றினால் போதும். மேடுகளே டேப்பட்டுகளை மேலே தள்ளும், அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் டிரேக்கள் கீழே விழவிடாமல் கவ்விக்கொள்ளும். பிறகு கேமின் முனையில் நீள போல்ட்டுகளை முறுக்கி, அதையே கைப்பிடியாக வைத்து மெல்ல உருவலாம். தண்டு ஐந்து பேரிங்குகளையும் உரசாமல் வெளியே வரும்வரை கை நடுங்கக் கூடாது. வால்வு ஸ்பிரிங்கையும் ஹெட் இருந்த இடத்திலேயே மாற்றலாம்: சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை அடைத்தால் வால்வு கீழே நழுவாது. டேப்பட் கழலாமல் கேம் வெளியே வரும்படி அந்த டிரேக்களை யோசித்தவர் யாரோ, மெக்கானிக்கின் முதுகுவலியை அறிந்தவர்.

2007-க்குப் பின் வந்த பல 5.3-களில் பாதி சிலிண்டர்களை ஓய்வில் வைக்கும் ஏற்பாடு உண்டு. 1, 4, 6, 7 சிலிண்டர்களுக்கு அதற்கென்றே தனி டேப்பட். அவற்றையும் மாற்றத்தான் வேண்டியிருக்கும், அப்போது ஹெட் கழன்றே ஆக வேண்டும். எந்த வருட வண்டியானாலும் கம்ப்யூட்டர் டியூனுக்குப் பணம் ஒதுக்காமல் கேம் வாங்க வேண்டாம். ஓவர்லாப்பில் நழுவும் ஆக்ஸிஜனைப் பார்த்து சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

டிரெய்லர் இழுப்பவருக்கு நான் 206, 212 பக்கம் வந்து, உச்சி இடைவெளியை 114-லேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஓவர்லாப் மைனஸ் 19. ஐடில் கிட்டத்தட்ட கம்பெனி வண்டி போலவே இருக்கும், பிரேக் அப்படியே இருக்கும், டார்க் கன்வர்ட்டரைத் தொட வேண்டியதில்லை. டிரெய்லர் இல்லாதவர், கொஞ்சம் சத்தமும் வேண்டுமென்றால், 212-ஐயும் 112-ஐயும் எடுக்கலாம். சற்றே உயர்ந்த ஸ்டால் உள்ள கன்வர்ட்டரையும் கூடவே மாற்றினால், சிக்னலிலிருந்து கிளம்பும்போது வண்டி அந்த கேமுக்குப் பிடித்த ஆர்பிஎம்மிலேயே அடியெடுத்து வைக்கும்.