அந்த ‘நாம்’ யார்?

திருப்பாவையை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் கண்ணனைத் தேடுகிறார்கள். என் கண் தோழிகள் மேல்தான். 30 பாசுரங்களில் 6 முதல் 15 வரை, பத்துப் பாசுரங்கள், வீடு வீடாகப் போய்த் தூங்குபவளை எழுப்புவதற்கே செலவாகின்றன. எழுந்தவர்கள் மட்டும் நேரே நந்தகோபன் மாளிகைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. கூட்டு வழிபாட்டின் மதிப்பு என்று எதையாவது சொல்வதானால் இந்தக் காத்திருப்பைச் சொல்வேன். ஆனால் காத்திருந்தவர்களும் எழுப்பப்பட்டவர்களும் ஒரே ஆயர்குலம்.

2022ஆம் ஆண்டு மார்கழி. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. டிசம்பர் 27 அன்று ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவும் அம்மக்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். அங்கே ஆதிக்க சாதிப் பெண் ஒருவர் சாமியாடி, அவர்களை இழிவாகப் பேசினார், கைதானார்.

வாய் திறக்க விடாத வீட்டில் பெண்ணுக்குக் கிடைத்த மேடை சாமியாட்டம் என்று பெண்ணியம் பேசுகிற நாம் சொல்லிவந்திருக்கிறோம். பொய்யில்லை. குடித்துவிட்டு அடிக்கும் புருஷனைச் சாமியின் குரலில் அதட்டிய பெண்களை நானே பார்த்திருக்கிறேன். அன்று அதே குரல் சாதி பேசியது. ஆண்கள் ஏவிவிட்டார்கள் என்று சொல்லி அவரைக் காப்பாற்றப் பார்த்தால், அவருக்குச் சொந்த வாயே இல்லை என்றாகிவிடும். அதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

வேங்கைவயல் பெண்களின் வாசலுக்குப் போய்க் கூப்பிட, ஒரு மாவட்ட ஆட்சியர் வர வேண்டியிருந்தது.