அம்ரிதா சேர்கில்லின் தென்னிந்திய ஓவியங்கள்

அம்ரிதா சேர்கில் (30 ஜனவரி 1913 – 5 டிசம்பர் 1941) இந்திய நவீன ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர். புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் சீக்கியர்; வடமொழியும் பாரசீகமும் கற்றவர். தாய் ஹங்கேரியப் பாடகி. எட்டு வயதில் சிம்லாவுக்கு வந்த அம்ரிதா, 1929 முதல் பாரிசில் ஓவியம் பயின்றார். அங்கு வரைந்த 'இளம் பெண்கள்' (1932) தங்கப்பதக்கம் பெற்றது. 1934 இறுதியில் இந்தியா திரும்பினார்.

அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் 'மூன்று பெண்கள்' (1935) ஓவியத்திலேயே நின்றுவிடுகிறார்கள். தாழ்ந்த கண்களுடன் எதற்கோ காத்திருக்கும் அந்தப் பெண்கள் மனதைத் தொடுவது உண்மைதான். ஆனால் அதில் ஓவியரின் இரக்கமே முன்னால் நிற்கிறது. அவருடைய கலை முதிர்ந்தது தென்னாட்டுப் பயணத்துக்குப் பிறகுதான்.

அஜந்தா, எல்லோராவைப் பார்த்துவிட்டு 1937 தொடக்கத்தில் அவர் திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி ஆகிய இடங்களுக்குச் சென்றார். மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்கள் அவரை வெகுவாகக் கவர்ந்தன. சிம்லா திரும்பியதும் 'மணமகள் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்ற மூன்று ஓவியங்களை வரைந்தார். மூன்றும் அதே 1937-இல் முடிந்தவை.

இவற்றில் 'பிரம்மச்சாரிகள்' தனித்து நிற்கிறது. வெற்றுடம்பும் வெள்ளை வேட்டியுமாக ஐந்து இளைஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கதை ஏதும் இல்லை, அலங்காரமும் இல்லை. செம்மண் நிறப் பின்னணியில் பழுப்பு உடல்களும் வேட்டியின் வெண்மையும் சேர்ந்தே ஓவியத்தைத் தாங்குகின்றன. பாரிசில் கோகனிடம் கண்ட தட்டையான வண்ணப்பரப்பும் அஜந்தாவின் அடர்ந்த உருவங்களும் இங்கே தையல் தெரியாமல் இணைந்திருக்கின்றன.

ரவி வர்மாவின் அச்சுப்படங்கள் வழியாகச் சிவந்த மேனியையே அழகு என்று பழகிய கண்களுக்கு, கருத்த உடலை இவ்வளவு கம்பீரமாகக் காட்டியது சிறிய செயல் அல்ல. இருந்தும் 'மணமகள் ஒப்பனை'யில் நடுவே அமர்ந்திருக்கும் மணமகள் வெளுத்த மேனியள்; சுற்றியிருப்போரே கருத்தவர்கள். நிற முரணுக்காக அப்படி வரைந்தார் என்று சொல்லலாம். ஆனால் நம் வீடுகளில் பெண் பார்க்கும் வழக்கத்தை அறிந்தவருக்கு அந்தப் பதில் போதாது.

இன்னொரு குறையும் உண்டு. சந்தைக்குப் போகும் கிராமத்தாரிடம் சந்தையின் அவசரமே காணோம். விலை பேசும் வாய், சுமை சுமந்த கழுத்தின் வலி எதுவும் இல்லை; சிலைபோல மௌனமாக இருக்கிறார்கள். தென்னாட்டில் அவர் கண்டது உருவத்தை. அன்றாட உழைப்பை அல்ல.

அதே ஆண்டில் வரைந்த 'கதை சொல்லி' 2023-இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனபோது செய்தித்தாள்கள் விலையைத்தான் பேசின. 1938-இல் உறவினரான மருத்துவர் விக்டர் ஏகனை மணந்த அம்ரிதா, லாகூரில் கண்காட்சி ஒன்று தொடங்கவிருந்த நேரத்தில் 28 வயதில் இறந்தார். அவருடைய படைப்புகளை இந்திய அரசு 1976-இல் தேசியக் கலைச்செல்வமாக அறிவித்தது. 'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தைப் புது தில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் காணலாம்.