படுவான்கரை வாசகரும் புனைகதைத் தட்டும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுதலும் படுதலும் பற்றி எழுந்த இப்பெயர்கள் காலப்போக்கில் திசையை மாத்திரமன்றி வாழ்க்கை வசதிகளின் பங்கீட்டையும் குறிப்பனவாயின. நெடுஞ்சாலையும் பெருங்கடைகளும் அச்சகங்களும் எழுவான்கரைக்கு வாய்த்தன. வயலும் மேய்ச்சல் நிலமும் குளங்களும் படுவான்கரைக்கு அமைந்தன. பழுகாமம் படுவான்கரையின் பழைய ஊர்களுள் ஒன்று. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் களுவாஞ்சிக்குடி; அங்கிருந்து வடக்கே சென்றால் மட்டக்களப்பு நகர். இத்தகையதோர் ஊரின் வாசகர் நூலகத்துப் புனைகதைத் தட்டின் முன் நிற்கும்போது அத்தட்டு அவருக்கு யாருடைய வாழ்க்கையை எடுத்து நீட்டுகின்றது? அவருடைய வாழ்க்கை அதில் எத்துணை இடம் பெறுகின்றது? ஈழத்துப் புனைகதை பற்றிய விமரிசனம் நாவல்களையும் நாவலாசிரியர்களையும் மதிப்பிட்ட அளவிற்கு இவ்வினாவை எழுப்பியதில்லை.

தட்டின் ஒழுங்கையே முதலில் நோக்கலாம். தூயியின் தசாம்சப் பகுப்பின்படி தமிழிலக்கியம் முழுவதும் 894.811 என்னும் எண்ணின் கீழ் அடங்கும். சென்னையில் எழுதப்பட்டதோ, யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டதோ, மூதூரில் எழுதப்பட்டதோ என்று அவ்வெண் வினவுவதில்லை. நூல்கள் ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கப்படும்போது தொகையிற் சிறியது தொகையிற் பெரியதனுள் மறைந்துபோகின்றது. சீர்காழியிற் பிறந்து இந்திய நூலகவியலுக்கு அடிகோலிய எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் இரண்டு, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்றும் நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிடைத்தல் வேண்டும் என்றும் கூறுவன. சிற்றூர் நூலகங்களின் புனைகதைத் தட்டுக்களை இவ்விரு விதிகளையும் கொண்டு அளப்பின் குறைபாடு இருபுறத்தும் தோன்றும்.

இத்தகைய தட்டுக்களிற் பெரும்பகுதியை நிறைப்பவை தமிழகத்து நாவல்கள். கல்கி, அகிலன், நா. பார்த்தசாரதி, சாண்டில்யன், லக்ஷ்மி, ரமணிசந்திரன் என நீளும் இவ்வரிசையை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது, நேர்மையாகாது. எழுத்தறிவு பெற்ற முதலாந் தலைமுறையினரை நீண்ட உரைநடைக்குப் பழக்கியவை இந்நூல்களே. வாசிப்பு என்னும் பழக்கத்தை ஊருக்குள் கொண்டுவந்த கடன் அவற்றுக்கு உண்டு. ஆயினும் அவை காட்டும் குடும்பம் எத்தகையது என்பதை ஆராய்தல் வேண்டும்.

பெண்களைப் பெரிதும் கவர்ந்த தமிழகத்துக் குடும்ப நாவலின் கதைப்பின்னல் ஒரு பயணத்தில் தொடங்குகின்றது. மணமகள் பிறந்தகம் விட்டுப் புக்ககம் செல்கின்றாள். அந்நியமான வீட்டில் மாமியாரும் நாத்தியும் அவளை அளக்கின்றனர். அவளது பொறுமையோ சினமோ கதையை நடத்துகின்றது. மட்டக்களப்பின் மரபுவழிக் குடும்ப அமைப்பில் இப்பயணம் பெரும்பாலும் தலைகீழானது. குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். ஆண்மகனே மனைவியின் வீட்டில் வந்து வாழ்கின்றான். எனவே அந்நியன் என்னும் நிலை இங்கு மருமகளுக்கன்றி மருமகனுக்கு உரியது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த பெண்ணுக்கு இன்னொரு வீடு கட்ட முனையும் தந்தையின் கடனும், தங்கையர் கரையேறுமட்டும் தன் மணத்தைத் தள்ளிப்போடும் அண்ணனின் நரைக்கும் இளமையும் இவ்வமைப்பின் இயல்பான முரண்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு நாவலுக்குப் போதிய பொருள். ஆயினும் பழுகாமத்துப் பெண் ஒருத்தி தட்டிலிருந்து எடுக்கும் நூலில் அழுவது பிறிதொரு வீட்டின் துயரத்துக்காகவே. பிறர் துயரத்துக்கு அழுதல் இலக்கியம் தரும் பேறுதான். தன் துயரத்துக்கு ஒரு வடிவம் இருக்கக்கூடும் என்பதையே அறியாதிருத்தல் பேறாகாது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆய்ந்து இக்குடி முறையையும் சீதன முறையையும் 2008இல் விரிவான நூலாக்கினார். மானிடவியலுக்குப் பொருளான இவ்வாழ்க்கை நாவலுக்குப் போதிய பொருளாகாமை சிந்திக்கற்பாலது.

ஈழத்து நாவல்கள் ஊர்தோறும் பரவிய காலம் ஒன்றுண்டு. 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது ஏற்பட்ட வெற்றிடத்தை வீரகேசரிப் பிரசுரங்கள் ஓரளவு நிரப்பின. மலிவான விலையில், நாடெங்கும் பத்திரிகை சென்ற வழியே நூலும் சென்றது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ ஆகியன 1973இல் அவ்வரிசையில் வெளிவந்தவை. இவ்விரு நாவல்களும் ஓர் அளவுகோலைத் தருகின்றன. ‘வாடைக்காற்’றிலே காற்றின் பருவம் வெறும் பின்னணியன்று, வெளியூர் மீனவரை நெடுந்தீவுக்குக் கொண்டுவருவதும், உறவுகளை உண்டாக்குவதும், முறிப்பதும் அப்பருவமே. ‘நிலக்கிளி’யிலே வன்னியின் தண்ணிமுறிப்பை நீக்கிவிடின் பதஞ்சலி என்னும் பாத்திரத்துக்கு உயிரில்லை. நிலம் கதையை நடத்துகின்றதா, அல்லது கதைக்குத் திரைச்சீலையாகத் தொங்குகின்றதா என்பதே பிரதேச நாவலை அளக்கும் கோல். அறுபதுகளில் மண்வாசனை பற்றி நிகழ்ந்த வாதங்களிற் பல இவ்வேறுபாட்டைப் போதியளவு கருதவில்லை.

சாதிப் பிரச்சினையை மையமாகக் கொண்ட யாழ்ப்பாண நாவல்கள் தட்டின் இன்னொரு பகுதியை நிறைப்பன. செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயணம்’, கே. டானியலின் ‘பஞ்சமர்’ ஆகியவற்றின் வரலாற்று முக்கியத்துவம் ஐயத்துக்கு இடமற்றது. அடக்கப்பட்டோரின் குரல் நாவலுள் அதிகாரத்துடன் ஒலிக்கலாம் என்பதை அவை நிறுவின. ஆயினும் படுவான்கரையின் ஏற்றத்தாழ்வு சாதியோடு குடியும் கோயில் முறையும் போடியார்–முல்லைக்காரன் உறவும் பின்னிக் கிடப்பது. அப்பின்னலை யாழ்ப்பாணத்து நாவல் அவிழ்த்துத் தரவியலாது. தருமாறு அதனிடம் கேட்டலும் முறையன்று.

அவ்வாறாயின் கிழக்கின் எழுத்தாளர் தந்தது யாது? சிறுகதையில் அவர் தந்தது பெரிது. மூதூரின் வ.அ. இராசரத்தினம் ‘தோணி’யில் மீனவ இளைஞன் ஒருவனின் ஆசையை ஒரே பொருளிற் குவித்துக் காட்டினார், தனக்கென ஒரு தோணி என்பது அங்கு தொழிற்கருவியும் கனவுமாகும். மட்டக்களப்பின் பித்தன், ஓட்டமாவடிப் பக்கத்தின் எஸ்.எல்.எம். ஹனீபா, பாண்டிருப்பின் உமா வரதராஜன் ஆகியோர் வெவ்வேறு திசைகளில் அவ்வடிவத்தை வளர்த்தனர். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ 1992இல் நூலுருப் பெற்றது. உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’ அதிகாரத்தின் முன் நகர் ஒன்று நடுங்கும் கோலத்தை உருவகமாக்கியது. மட்டக்களப்பிலே நெடுங்காலம் ஆசிரியராயிருந்த எஸ். பொன்னுத்துரை ‘சடங்கு’ நாவலுக்குத் தேர்ந்த களம் யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பமே. எழுபதுகளில் வெளிவந்த ஜோன் ராஜனின் ‘போடியார் மாப்பிள்ளை’ தலைப்பிலேயே மட்டக்களப்பைத் தாங்கி வந்தது. எனினும் சிறுகதையில் அடைந்த செறிவை நாவலில் கிழக்கு பன்னெடுங்காலம் அடையவில்லை என்றே கூறுதல் வேண்டும்.

இதற்குக் காரணம் ஆற்றற்குறைவு அன்று. ஆசிரியத் தொழிலின் இடைவேளைகளில் எழுதி, பத்திரிகை தந்த பக்கத்துள் அடக்கி, அச்சகம் தேடி அலைந்து, சொந்தப் பணத்தில் நூலாக்கும் சூழல் சிறுகதையையே ஊக்கும். இன்னொரு காரணம் மொழி பற்றியது. கிழக்கின் கதைகள் பலவற்றில் பாத்திரங்கள் ‘மறுகா’ என்றும் ‘ஒள்ளுப்பம்’ என்றும் உயிரோடு பேசுகின்றன. உரையாடல் முடிந்ததும் ஆசிரியர் குரல் பாடநூற்றமிழுக்குத் திரும்பிவிடுகின்றது. இதனால் மக்கள் பேசுவோராகவும் ஆசிரியர் அவர்களைப் பார்ப்போராகவும் பிரிந்து நிற்கின்றனர். பேச்சு மொழி உரையாடலுக்கு அணியாக நின்றுவிடின் அது மண்வாசனை. எடுத்துரைப்பவரின் சிந்தனையையே அது ஆளுமாயின் அது பார்வை. சிறுகதையின் குறுகிய வெளியில் இப்பிளவு பெரிதாகத் தோன்றுவதில்லை. நாவலின் நீண்ட வெளியிலே அது கட்டுக்கோப்பையே தளர்த்திவிடும்.

இவ்வகையில் விமல் குழந்தைவேலின் ‘வெள்ளாவி’யும் 2011இல் வெளிவந்த ‘கசகறண’மும் திருப்புமுனைகள் எனலாம். சலவைத் தொழிலாளரின் வாழ்வை முன்னையதும், அக்கரைப்பற்றுச் சந்தையை நடுவாகக் கொண்டு தமிழர்–முஸ்லிம் உறவின் நெருக்கத்தையும் முறிவையும் பின்னையதும் பொருளாகக் கொண்டன. சந்தை அங்கு வெறும் களமன்று. விற்போரும் வாங்குவோரும் முறை சொல்லிப் பழகிய அவ்விடம் சிதையும்போது ஒரு சமூக உடன்படிக்கையே சிதைகின்றது. மட்டக்களப்பின் பேச்சு ஒரு பெருங்கதையைத் தாங்கவல்லது என்பதை இந்நாவல்கள் ஐயமற நிறுவின. குறையும் இல்லாமலில்லை. பேச்சின் இன்பத்தில் ஆசிரியர் சிற்சில இடங்களில் தோய்ந்து, கதையின் நடையைத் தளரவிடுகின்றார். ஆயினும் இக்குறை செழிப்பினால் வந்த குறை.

சந்தைக்குக் கிடைத்த நாவல் வயலுக்குக் கிடைக்கவில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளி, 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நிகழ்ந்த படுகொலைகள், 2007ஆம் ஆண்டின் யுத்தமும் இடப்பெயர்வும் ஆகியன படுவான்கரையின் அண்மைக்கால நினைவின் அடுக்குகள். இவற்றினூடே விதைப்பும் வேளாண்மை வெட்டும் மணவினையும் கோயிற் சடங்கும் நடந்தேறின. அவலமும் அன்றாடமும் ஒன்றையொன்று ஊடறுத்த இவ்வாழ்க்கையைத் தொகுத்துக் காட்டும் வடிவம் நாவலேயாகும். சாட்சியமும் அறிக்கையும் நிகழ்ந்ததைப் பதியும். நிகழ்வதற்கு முதல்நாள் அவ்வீட்டில் எது பற்றிப் பேசினர் என்பதை நாவல்தான் கூறவல்லது.

ஊர் வாசகர் ஊர்க்கதையை விரும்புவதில்லை, அவர் வேண்டுவது தம் வாழ்க்கையிலிருந்து சற்று விலகியிருக்கவே என்று கூறுவாரும் உளர். இதில் உண்மையுண்டு. நாளெல்லாம் வயலில் நின்றவர் இரவில் சோழர் காலத்துக் குதிரையேறுவதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. எனினும் இதே ஊர்தான் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கில் பாரதத்தைத் தன்னுடையதாக்கிக் கொள்கின்றது. தீமிதிப்பில் நிறைவுறும் அச்சடங்கிலே பாண்டவர் அத்தினாபுரத்தவராக அன்றி ஊராருள் ஒருவராகின்றனர். விடிய விடிய நடக்கும் கூத்தைப் பொறுமையோடு பார்த்தவர்களும் இம்மக்களே. நெடுங்கதைக்கான பொறுமையும், தொலைவிலிருந்து வந்த கதையைத் தம் மண்ணில் நிறுத்திப் பார்க்கும் ஆற்றலும் இவ்வூர்களுக்குப் புதியன அல்ல. வாசகர் ஆயத்தமாகவே உள்ளார். நூல்தான் அவரை வந்தடையவில்லை.

இதற்கு நூலகமும் விமரிசனமும் செய்யக்கூடியன சில உள. ஈழத்துப் புனைகதைகளையும், அவற்றுட் கிழக்கின் ஆக்கங்களையும் தனித்தட்டில் வைத்தல் செலவற்ற காரியம். சிறு தொகையாக அச்சாகி மறுபதிப்புக் காணாத நூல்களைப் பொறுத்தவரை, சிற்றூரில் எஞ்சியுள்ள பிரதியே அரும்பிரதியாகலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்கள் இப்பாடத்தை மறக்கவொண்ணாதபடி கற்பித்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திப் பலவற்றைக் காத்துள்ளது. அதனைச் சிற்றூர் வாசகருக்கு அறிமுகஞ்செய்தல் நூலகரின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும். பல்கலைக்கழகத்து விமரிசனமோ நூற்பட்டியலை நிரப்புவதோடு அமையாது, எந்நூல் எவ்வாழ்க்கையைத் தொடாது விட்டது என்பதையும் கூறுதல் வேண்டும். தட்டிலே உள்ள நூல்களை மதிப்பிடுதல் விமரிசனத்தின் பாதிப்பணி. இல்லாத நூலுக்கு அங்கு ஓர் இடம் வெற்றாக இருப்பதைச் சுட்டிக்காட்டுதல் அதன் மறுபாதி. அவ்விடத்தை நிரப்பப்போகின்றவர் இன்று அதே தட்டின் முன் நின்று, கைக்கெட்டிய நூலைப் புரட்டிக்கொண்டிருக்கும் படுவான்கரை மாணவராகவும் இருக்கலாம்.